உதட்டில் ஊசி: வீங்கினால் பயம் வேண்டாம், வெளுத்தால் ஓடுங்கள்!

திருச்சி,

டி.வி. நடிகை உர்பி ஜாவேத் 2025 ஜூலையில் முகம் வீங்கிய தன் படத்தை வெளியிட்டார். பார்த்தவர்கள் ஆடிப்போனார்கள். உதட்டில் போட்ட "பில்லர்" இடம் மாறி நின்றதாம். அதைக் கரைக்கும் ஊசியால் வந்த வீக்கம் அது!

உதட்டைப் பெரிதாக்க ஊசி போட்டாலும் வீக்கம் உண்டு. திருச்சிக்காரர்களும் தெரிந்துகொள்ள வேண்டிய சங்கதி இது.

எத்தனை நாள்?

உள்ளே போவது ஹயாலுரோனிக் ஆசிட். தண்ணீரை இழுத்து வைக்கும் சரக்கு. ஊசிக் காயமும் சேர்ந்தால் உதடு உப்பத்தானே செய்யும்? முதல் 2, 3 நாள்தான் அதிகம். ஒரு வாரத்தில் பெரும்பாலும் வடிந்துவிடும். சரியான வடிவம் தெரிய 2 முதல் 4 வாரம் ஆகும்.

ஸ்ரீரங்கத்தில் முகூர்த்தத்தை வைத்துக்கொண்டு முந்தின நாள் தில்லைநகரில் ஊசி போட்டால், மணமேடையில் வீங்கிய உதடுதான்!

எது ஆபத்து?

உதடு வெளுத்தாலோ, நீலம் பாய்ந்தாலோ, வலி ஏறிக்கொண்டே போனாலோ அது வெறும் வீக்கம் அல்ல. ரத்தக்குழாய் அடைத்திருக்கலாம். விடியட்டும் என்று இருக்கக்கூடாது. உடனே கரைக்கும் ஊசி போட வேண்டும். தாமதித்தால் சதை அழுகிவிடும்.

"கரைக்கும் ஊசி இருக்கிறதா? போட டாக்டர் இருக்கிறாரா?" பணம் கட்டும் முன் இதைக் கேளுங்கள். பதில் இல்லாத பார்லரில் மலிவு என்று உதட்டை நீட்டாதீர்கள்!