மௌனமும் ஒரு தீர்ப்பே

கல்லூரிகளுக்கிடையே நடைபெறும் கூடைப்பந்தாட்டங்களைக் காணக் கூடுகிறவர்களிடத்தில், தேவகோட்டையிலும் காரைக்குடியிலும் மட்டுமன்றித் தமிழ்நாடெங்குமே, ஓர் அபிப்பிராயம் கேள்விமுறையின்றி வேரூன்றியிருக்கிறது. ஆட்டம் முடிய ஒன்றிரண்டு நிமிஷமே எஞ்சி, இரு கட்சிகளும் ஒன்றிரண்டு புள்ளி வித்தியாசத்தில் நிற்கும்போது, நடுவரானவர் விசிலை மறந்து ஒதுங்கி நிற்க வேண்டும் என்பதும், வெற்றி தோல்வியை ஆடுகிறவர்களே தீர்த்துக்கொள்ளட்டும் என்பதும், அவ்வேளையில் ஃபவுல் கொடுத்து ஆட்டத்தின் போக்கை மாற்றுகிறவரே மோசமான நடுவர் என்பதுமே அது. கேட்பதற்கு நியாயம்போலத் தொனிக்கும் இக்கொள்கையைவிட ஆட்டத்தின் தர்மத்துக்கு விரோதமானது வேறில்லை என்பது என் துணிபு.

1891 டிசம்பரில், அமெரிக்காவின் ஸ்பிரிங்ஃபீல்ட் நகரில், ஜேம்ஸ் நெய்ஸ்மித் இவ்வாட்டத்தை வகுத்தபோது எழுதிய பதின்மூன்று விதிகளிலேயே, ஆட்களைக் கவனித்துத் தவறுகளைக் குறிக்க ஒருவரும், பந்தையும் நேரத்தையும் கவனிக்க மற்றொருவரும் வேண்டுமென்று விதித்தார். அக்கடமை இன்ன நிமிஷத்தோடு முடிந்துவிடுகிறதென்று அவர் எங்கும் எழுதிவைக்கவில்லை. பத்து நிமிஷம் வீதம் நான்கு பகுதிகளாக ஆடப்படும் இன்றைய சர்வதேச முறையில், கடைசி இரண்டு நிமிஷத்துக்கென்று தனி விதிகள் சில உண்டு என்பது மெய்யே. ஆயினும், அவ்வேளையில், பந்தைக் கோட்டுக்கு வெளியேயிருந்து உள்ளே எறிவதற்கு முன்பே தடுக்கும் கட்சி ஃபவுல் செய்தால், எதிர்க்கட்சிக்கு ஒரு ஃப்ரீ த்ரோவும் அதன்மேல் பந்தும் கொடுக்கப்படுகின்றன என்பதைப் பார்க்கும்போது, விதி செய்தவர்கள் இறுதி வேளையில் கண்டிப்பைக் கூட்டினார்களேயன்றித் தளர்த்தவில்லை என்பது விளங்கும்.

கூடைக்கு அருகே பந்தை எறிய எழும்பியவனுடைய கையில், தடுக்கிறவன் அடித்துவிட, பந்து கூடையில் விழாமற்போகிறது என்று வைத்துக்கொள்வோம். நடுவர் ஊதினால், அடிபட்டவனுக்கு இரண்டு ஃப்ரீ த்ரோ; அவை கூடையில் விழுவதும் விழாததும் அவனுடைய சாமர்த்தியத்தைப் பொறுத்தவை. நடுவர் ஊதாவிட்டால், அடித்தவனுக்கே லாபம். ஆகவே, ஆட்டத்தை ஆடுகிறவர்களிடமே விட்டுவிட்டதாகச் சொல்லப்படும் அந்த நடுவர், உண்மையில் விதியை மீறியவன் பக்கம் சேர்ந்து தீர்ப்பளித்துவிட்டார். பர்மாவுக்கும் மலாயாவுக்கும் கொண்டுவிற்கப் போய்வந்த இந்தத் தேவகோட்டை, காரைக்குடிப் பக்கத்தில், வருஷம் முழுவதும் பற்று வரவைப் பிசகின்றி எழுதிவந்த கணக்குப்பிள்ளை, ஐந்தொகை கட்டும் தினத்தில் மட்டும் ஒரு பற்றைக் கண்டும் காணாமல் விட்டால், அதை நடுநிலைமையென்று எந்தச் செட்டியாராவது ஒப்புக்கொண்டிருப்பாரா?

அற்பமான உராய்வுக்கெல்லாம் ஊதி ஆட்டத்தைக் கெடுக்கலாமா என்று கேட்பார்கள். கூடாதுதான், ஆனால் எதிரிக்கு எவ்விதப் பாதகமும் செய்யாத உராய்வை முதல் நிமிஷத்திலும் ஊத வேண்டியதில்லை. முதல் நிமிஷத்தில் ஃபவுலாக இருந்தது நாற்பதாவது நிமிஷத்தில் வீரமாகிவிடுமா என்பதே கேள்வி.

கடைசி நிமிஷத்தில் விசில் கூடாதென்னும் இந்த அபிப்பிராயம் மேல்நாட்டிலும் உண்டு. அதன் பலனையும் அங்கே கண்டிருக்கிறார்கள். மாஸ்கோவிட்ஸ், வெர்தைம் என்னும் இருவர் 2011இல் வெளியிட்ட நூலொன்றில், நடுவரின் மதிப்பீட்டைச் சார்ந்த தவறுகள் நெருக்கமான ஆட்டத்தின் முடிவில் குறைவாகவே அறிவிக்கப்படுகின்றன என்று எடுத்துக்காட்டினார்கள். அமெரிக்கத் தொழில்முறைக் கூடைப்பந்துச் சங்கம் 2015 முதல் கடைசி இரண்டு நிமிஷத்துத் தீர்ப்புகளைப் பரிசீலித்து வெளியிட்டு வருகிறது. அவற்றில் புலப்படும் பிழைகளில், பொய்யாக ஊதியவற்றைவிட ஊதாமல் விட்டவையே மிகுதி.

நம் நாட்டிலேயே, கிரிக்கெட்டில், இதற்குப் படிப்பினை உண்டு. 1986 செப்டம்பர் 22ஆம் தேதி, சென்னைச் சேப்பாக்கத்தில், ஆஸ்திரேலியாவை வெல்ல 348 ஓட்டம் வேண்டிய இந்தியா 347 எடுத்துச் சமநிலையில் நிற்கையில், கடைசி ஓவரின் ஐந்தாவது பந்து கடைசி மட்டையாளரான மணிந்தர் சிங்கின் காலில் பட்டது. நடுவர் விக்ரம்ராஜு விரலை உயர்த்தி அவுட் கொடுத்தார். ஆட்டம் சமமாக முடிந்தது. பந்து முதலில் மட்டையில் பட்டதென்று மணிந்தர் சாதித்தார். தம் தீர்ப்பே சரியென்று நடுவர் உறுதியாக நின்றார். அதற்குப்பின் விக்ரம்ராஜு எந்த டெஸ்ட் ஆட்டத்திலும் நடுவராக நின்றதில்லை. அத்தீர்ப்பு சரியா பிழையா என்பது வேறு விவாதம். விரலை உயர்த்தாதிருந்தால் நம்மில் ஒருவரும் அவரை ஏசியிருக்க மாட்டோம் என்று அறிந்தும், தாம் கண்டதாக நம்பியதைச் சொந்த தேசத்து ஜனங்களின் முன்னிலையில் சொன்னாரே, அந்தத் திண்மையே நடுவருக்கு லக்ஷணம். கண்டதைச் சொல்லிப் பிழைபடுகிறவர் மனிதர். கண்டும் சொல்லாதவர் கடமையைக் கைவிட்டவர்.

ஆகையால், போட்டி நடத்துகிற கமிட்டியார் செய்ய வேண்டியவை சில உண்டு. இரண்டு நடுவர்களுக்குப் பதிலாக மூவரை நிறுத்த வேண்டும். வீடியோவின் உதவியில்லாத கல்லூரி மைதானங்களில், அவசரத்தில் ஓடும் பத்துப் பேரைக் கவனிக்க நான்கு கண்கள் போதா. இறுதி நிமிஷத்தில் ஊதிய விசிலுக்காக நடுவரைச் சூழ்ந்து தூஷிக்கிறவர்களைக் களத்தை விட்டு அப்புறப்படுத்தவும், அடுத்த போட்டிக்கும் அதே நடுவரைத் தயக்கமின்றி அழைக்கவும் துணிய வேண்டும். விதியை மீறி வெல்வதற்கும் ஒரு வேளை உண்டு என்று நம் பிள்ளைகளுக்குக் கற்பிக்கும் கோப்பை எத்தனை உயரமானதானாலும், அதை எந்தக் கல்லூரியும் தன் மண்டபத்தில் வைத்துப் பெருமைப்படலாகாது.