ஸ்கேன் செய்தால் மட்டும் போதுமா?

நீலகிரி மலை ரயில் பற்றிய புத்தகங்கள், இதழ்கள், போட்டோக்கள் என்று என் அப்பா ஓர் அலமாரி நிறையச் சேர்த்து வைத்திருந்தார். 1899-ல் குன்னூர் வரையும், 1908-ல் ஊட்டி வரையும் ஓடத் தொடங்கிய ரயில் இது. 2005-ல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்தது.

அந்த மகிழ்ச்சியில் ஒரு ஸ்கேனர் வாங்கி, போட்டோக்களை எல்லாம் ஸ்கேன் செய்து ஒரே ஒரு சிடியில் பதிந்தேன். அப்பா மறைந்த பிறகு, "அதுதான் சிடியில் இருக்கிறதே" என்று ஆல்பங்களைப் பழைய பேப்பர் கடையில் போட்டுவிட்டேன்.

இன்று அந்த சிடி திறக்கவில்லை. பழைய ஹார்ட் டிஸ்க்கில் சில படங்கள் மட்டும் தப்பின. ஒரு படத்தில் தண்டவாளங்களுக்கு நடுவே பல் கம்பி தெரிகிறது. எனவே அது கல்லாறுக்கும் குன்னூருக்கும் இடையே எடுத்தது. எந்த இடம், எந்த ஆண்டு? பின்புறம் அப்பா எழுதியிருந்தார். நான் அதை ஸ்கேன் செய்யவில்லை.

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கியவர்களுக்கு நான் சொல்வது இதுதான். போட்டோவின் பின்புறத்தையும் ஸ்கேன் செய்யுங்கள். பைலின் பெயரிலேயே ஊரையும் ஆண்டையும் சேருங்கள். இரண்டு இடங்களிலாவது காப்பி வையுங்கள். முக்கியமாக, ஒரிஜினலைத் தூக்கிப் போடாதீர்கள். ஸ்கேன் என்பது நகல்தான்.