'யெஸ் டு ஆல்' விமானப்படை

ஃப்ளைட் சிமுலேட்டர் விளையாடுகிறவர்கள் ஒரு தனி ரகம். இன்ஜின் சூடாகும்வரை ரன்வே ஓரத்தில் காத்திருப்பார்கள். காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது என்று பார்த்துத்தான் தரையிறக்குவார்கள். இவ்வளவு பொறுமைசாலி, ஒரு மோட் டவுன்லோட் ஆகி முடிந்ததும் வேறு ஆளாக மாறிவிடுவார். ஜிப்பைப் பிரி, உள்ளே இருப்பதை மொத்தமாகக் காப்பி செய், கேம் ஃபோல்டரில் போய்க் கொட்டு. "இதே பெயரில் ஏற்கனவே ஃபைல் இருக்கிறதே, மாற்றிவிடட்டுமா?" என்று விண்டோஸ் பாவம் ஒரு தடவை கேட்கும். எக்ஸ்பி காலத்தில் அதற்கு 'யெஸ் டு ஆல்' என்று ஒரு பட்டன் இருந்தது. விண்டோஸ் 11 வந்து பட்டனின் பெயர் மாறிவிட்டது. பழக்கம் மட்டும் மாறவில்லை.

இந்தப் பழக்கத்தால் நஷ்டம் யாருக்கு? நெமிலிச்சேரியில் ஒரு மாணவனை எடுத்துக்கொள்ளுங்கள். (குரோம்பேட்டை பக்கத்து நெமிலிச்சேரி இல்லை. இது பட்டாபிராமுக்கும் திருநின்றவூருக்கும் நடுவில், அவுட்டர் ரிங் ரோடு போகிற நெமிலிச்சேரி.) அந்தப் பக்கத்துப் பிள்ளைகளுக்கு விமானப் பைத்தியம் பிடிப்பதில் ஆச்சரியம் ஒன்றும் இல்லை. கிழக்கே ஆவடியில் விமானப்படை நிலையம். அதே ரயில் பாதையில் மேற்கே போனால் அரக்கோணத்தில் 1992-இல் தொடங்கிய கடற்படையின் ஐ.என்.எஸ். ராஜாளி. வீட்டில் இருப்பது அண்ணன் படித்து முடித்துவிட்டு விட்டுப்போன கம்ப்யூட்டர், கிராபிக்ஸ் கார்டு கிடையாது. நெட் என்றால் மொபைல் ஹாட்ஸ்பாட், ஒரு நாளைக்கு ஒன்றரை ஜிபி. அதில்தான் ஆன்லைன் வகுப்பும், அம்மாவின் சீரியலும்.

இப்படிப்பட்ட கம்ப்யூட்டரில் ஓடக்கூடிய நல்ல போர் விமான சிமுலேட்டர் எது என்று கேட்டால் இன்றைக்கும் முதலில் வருவது 'ஐஎல்-2 ஸ்டர்மோவிக் 1946'. ஒலெக் மேடாக்ஸின் மாஸ்கோ குழு 2001-இல் ஆரம்பித்தது. பல பாகங்களாக வளர்ந்து 2006-இல் எல்லாம் ஒரே பெட்டியாக '1946' என்று வந்தது. டிசிஎஸ் வேர்ல்டு மாதிரி ஹார்ட் டிஸ்கையே விழுங்கிவிட்டு இன்னும் கொஞ்சம் கொடு என்று கேட்காது. இத்தனை வருஷம் கழித்தும் அது உயிரோடு இருப்பதற்குப் பெரிய காரணம், ரசிகர்கள் சம்பளம் வாங்காமல் செய்து கொடுத்த மோட்கள்தான்.

மோட் எதற்கு, வாங்கியதை வாங்கியபடி விளையாடினால் ஆகாதா என்று கேட்கிறவர்களுக்கு ஒரு பதில். இரண்டாம் உலகப்போரில் மதராஸ் மாகாணத்து மக்களிடம் வசூலான நன்கொடைக்காக பிரிட்டிஷ் விமானப்படையின் 79, 234 என்ற இரண்டு ஸ்குவாட்ரன்களுக்கு 'மெட்ராஸ் பிரெசிடென்சி' என்ற பெயரைச் சேர்த்தார்கள். இதில் 79-ஆவது ஸ்குவாட்ரன் 1942-இல் இந்தியாவுக்கு வந்து பர்மா முனையில் ஹரிக்கேன் விமானங்களை ஓட்டியது. அதே 1942 ஏப்ரல் 5-ஆம் தேதி ஜப்பானியக் கப்பல்களிலிருந்து கிளம்பிய விமானங்கள் கொழும்பைத் தாக்கியபோது, எதிர்த்து எழும்பியவையும் ஹரிக்கேன்கள்தான். ஒரு பகுதி ரத்மலானையிலிருந்து, இன்னொரு பகுதி கொழும்புக் குதிரைப் பந்தயத் திடலிலிருந்து! நான்கு நாள் கழித்து திருகோணமலை. அந்த மாதம் சென்னையே பாதி காலியானது. கேம் பெட்டியில் ஹரிக்கேனும் இருக்கிறது, ஜப்பானின் ஜீரோவும் இருக்கிறது. கொழும்பு இல்லை, திருகோணமலை இல்லை, மெட்ராஸ் இல்லவே இல்லை. நம் பக்கத்து வானத்தில் பறக்க ஆசைப்பட்டால் ரசிகர்கள் செய்த மேப்களைத் தேடித்தான் போகவேண்டும்.

அங்கேதான் 'யெஸ் டு ஆல்' அண்ணன்கள் காத்திருக்கிறார்கள்.

"மச்சி, மோட் மேனேஜர்லாம் எதுக்குடா? அப்படியே தூக்கி கேம் ஃபோல்டர்ல போடு, ரீப்ளேஸ் குடு, வேலை முடிஞ்சிது."

முதல் மோட் ஓடும். இரண்டாவதும் ஓடலாம். மூன்றாவதைப் போட்டதும் கேம் லோட் ஆகிக்கொண்டே வந்து எழுபது சதவீதத்தில் நிற்கும். ஐஎல்-2 மோட் போட்ட யாரைக் கேட்டாலும் அந்த எழுபதைப் பற்றிச் சொல்வார்கள். நின்றது நின்றதுதான். எந்த மோட் கெடுத்தது? தெரியாது. எந்த ஃபைல் மாறியது? தெரியாது. பழைய ஃபைல் எங்கே? அதுதான் 'யெஸ் டு ஆல்' கொடுத்தாயிற்றே. மொத்தத்தையும் அழித்துவிட்டு முதலிலிருந்து பல ஜிபி டவுன்லோட். ஒரு நாளைக்கு ஒன்றரை ஜிபி கணக்கில் எத்தனை நாள் என்று போட்டுப் பாருங்கள். பாதிப் பேர் அந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்துவிட்டு பப்ஜிக்குப் போய்விடுகிறார்கள். போகிற போக்கில், ராத்திரி கண்விழித்து மோட் செய்த யாரோ ஒரு ஆளையும் "மொக்க மோட்" என்று திட்டிவிட்டுப் போகிறார்கள்.

இத்தனைக்கும் மோட் மேனேஜர் ஒன்றும் ராக்கெட் விஞ்ஞானம் இல்லை. ஐஎல்-2 ஆட்கள் பல வருஷமாகப் பயன்படுத்துவது 'ஜோன்சாஃப்ட் ஜெனரிக் மோட் எனேப்ளர்', சுருக்கமாக ஜேஎஸ்ஜிஎம்இ. துக்கடா சாஃப்ட்வேர், இலவசம். அது செய்வது ரயில்வே ஸ்டேஷன் வண்டி ஸ்டாண்டில் டோக்கன் போடுகிற வேலை. ஒரு மோடை 'ஆன்' செய்தால், கேமின் அசல் ஃபைலை முதலில் பத்திரமாக ஒரு பேக்கப் ஃபோல்டரில் ஒதுக்கி வைக்கிறது, எதை எங்கே வைத்தோம் என்று குறித்துக்கொள்கிறது, பிறகுதான் மோடின் ஃபைலை அந்த இடத்தில் வைக்கிறது. 'ஆஃப்' செய்தால் டோக்கனைப் பார்த்து அசலைத் திருப்பி வைத்துவிடும். இரண்டு மோட்கள் ஒரே ஃபைலைத் தொட்டால், "இதை ஏற்கனவே இன்னொன்று மாற்றியிருக்கிறது, யோசித்துக்கொள்" என்று எச்சரிக்கும். மேலே போட்டதை எடுக்காமல் அடியில் இருப்பதை எடுக்கவும் விடாது.

மோட் மேனேஜர் வேண்டாம் என்கிறவர்களில் கொஞ்சம் விவரமான கட்சி ஒன்று உண்டு. அவர்கள் சொல்வது: "சுத்தமான கேம் ஃபோல்டரை ஒரு காப்பி எடுத்து வெச்சுக்கிட்டா போதும்." நியாயமான பேச்சு. காப்பி எடுத்து வைக்கத்தான் வேண்டும், மோட் மேனேஜர் இருந்தாலும் வேண்டும். ஆனால் அந்தக் காப்பியால் ஆரம்பத்துக்கு மட்டும்தான் திரும்ப முடியும். ஐந்து மோட் போட்டு மூன்றாவது மட்டும் சரியில்லை என்றால் அதை மட்டும் உருவ முடியாது. ஒவ்வொரு மோடுக்கும் ஒரு காப்பி எடுப்பேன் என்றால் கடைசியில் 'கேம்', 'கேம் புதுசு', 'கேம் ஃபைனல்', 'கேம் ஃபைனல் ஒரிஜினல்' என்று நாலு ஃபோல்டர் நிற்கும். கடைசி வருஷம் பிராஜக்ட் ரிப்போர்ட் டைப் செய்த எல்லோருக்கும் இந்த வியாதி தெரியும் :-)

சரி, எப்படிப் போடுவது? தமிழில் யாரும் எழுதி வைக்காததால்தான் ஆளாளுக்கு அண்ணன்களிடம் போய் நிற்கிறார்கள். முதல் வேலை, கேமை 'புரோகிராம் ஃபைல்ஸ்' ஃபோல்டருக்குள் வைக்காமல் டி டிரைவிலோ வேறு எங்காவதோ வைப்பது. உள்ளே வைத்தால் விண்டோஸ் தன் பாதுகாப்பு வேலையைக் காட்டும். மாற்றிய ஃபைலை வேறு ஒரு மறைவான ஃபோல்டருக்குத் திருப்பிவிட்டு, மாற்றியது மாதிரியே நடிக்கும். அடுத்து, ஜேஎஸ்ஜிஎம்இ-யை கேமின் முதன்மை ஃபோல்டரிலேயே, அதாவது கேமின் இஎக்ஸ்இ ஃபைல் இருக்கிற இடத்திலேயே வைத்து ஓட்டவேண்டும். மோட்களை வைக்க எந்த ஃபோல்டர் என்று முதல் தடவை கேட்கும். 'மோட்ஸ்' என்று அதுவே ஒரு பெயரைச் சொல்லும். அதை ஒப்புக்கொள்ளாதீர்கள். ஐஎல்-2-வின் பழைய மோட் தொகுப்புகள் அதே பெயரில் ஒரு ஃபோல்டரைத் தங்களுக்கென்று வைத்திருக்கின்றன. இரண்டும் ஒன்றாகிவிட்டால் குழப்பம். 'ஜேஎஸ்ஜிஎம்இ மோட்ஸ்' என்று தனிப்பெயர் கொடுப்பதுதான் வழக்கம்.

பிறகு ஒவ்வொரு மோடையும் ஜிப்பிலிருந்து பிரித்து, அந்த ஃபோல்டருக்குள் தனித்தனிப் பெயரில் வைக்கவேண்டும். நூற்றுக்குத் தொண்ணூறு பேர் விழுவது இங்கேதான். பிரிக்கும்போது ஃபோல்டருக்குள் அதே பெயரில் இன்னொரு ஃபோல்டர் வந்து உட்கார்ந்துகொள்ளும். மோட் மேனேஜர் தனக்குத் தெரிந்த அடுக்குப்படி அப்படியே காப்பி செய்யும். ஃபைல் போய்ச் சேரவேண்டிய இடத்தில் சேராது. எழுபதில் நிற்பதுகூட நடக்காது, ஒன்றுமே நடக்காது! உடனே "மேனேஜர் வேலை செய்யல மச்சி". மோடைத் திறந்தால் கேம் ஃபோல்டரில் இருக்கிற அதே அடுக்கு உள்ளே தெரிகிறதா என்று பார்க்க அரை நிமிஷம்கூட ஆகாது.

விமானத்துக்கு வெறும் பெயின்ட் மாற்றுவதற்கு இந்த வம்பு எதுவும் வேண்டாம். ஸ்கின் ஃபைல்களுக்குக் கேமிலேயே தனி ஃபோல்டர் இருக்கிறது, நேரே போட்டுக்கொள்ளலாம். ஹரிக்கேனுக்கு 79-ஆவது ஸ்குவாட்ரன் எழுத்துகளைப் போட ஆசைப்பட்டால் அது போதும்.

மோட் மேனேஜர் சர்வரோக நிவாரணி என்று யாராவது சொன்னால் அதையும் நம்பவேண்டாம். ஐஎல்-2-வில் புது விமானம் சேர்த்தால் 'ஏர் டாட் ஐஎன்ஐ' என்ற பட்டியல் ஃபைலில் அதற்கு ஒரு வரி சேரவேண்டும். இரண்டு விமான மோட்கள் ஆளுக்கொரு பட்டியல் ஃபைலோடு வந்தால், மோட் மேனேஜர் இரண்டையும் கலந்து ஒன்றாக்காது. பின்னால் வந்தது முன்னால் வந்ததை மறைத்துவிடும். அங்கே நோட்பேடைத் திறந்து, விடுபட்ட வரியைக் கையால் சேர்ப்பதுதான் வழி. எரிச்சலான வேலைதான். ஆனால் எந்த ஃபைல் மோதுகிறது என்பதை மேனேஜர் எச்சரித்திருக்கும். 'யெஸ் டு ஆல்' வழியில் அந்தத் துப்பும் கிடைக்காது.

பழைய கதை ஒன்றும் இங்கே சொல்லவேண்டும். 2007-இல் ரசிகர்கள் சிலர் ஐஎல்-2-வின் பூட்டிய ஃபைல்களை முதல்முறையாகத் திறந்தபோது உலகம் முழுக்க ஐஎல்-2 கூட்டம் இரண்டாக உடைந்தது. ஆன்லைனில் யார் என்ன மாற்றிவிட்டு வருகிறார் என்று தெரியாது, ஏமாற்று வேலை நடக்கும், கேம் செத்துவிடும் என்றது ஒரு தரப்பு. மோட் இல்லாவிட்டால்தான் சாகும் என்றது இன்னொன்று. கேம் சாகவில்லை. டீம் டைடலோஸ் என்ற ரசிகர் குழு மேடாக்ஸின் சம்மதத்தோடு அதிகாரபூர்வ பேட்ச்களை 2009 முதல் வெளியிட்டது, மோட்களும் தனி வழியில் வளர்ந்தன. ஆனாலும் எதிர்த்தவர்களின் பயத்தில் நியாயம் இருந்தது. என்ன மாற்றியிருக்கிறோம் என்று தனக்கே தெரியாத ஆளை எந்த சர்வர் நம்பும்? ராத்திரி எட்டு மணிக்கு மோட்களை எல்லாம் ஆஃப் செய்து சுத்தமான கேமோடு ஆன்லைனில் நுழைந்து, பத்து மணிக்குத் திரும்ப ஆன் செய்து கொழும்புக்கு மேலே பறக்கலாம் என்ற வசதி அந்தச் சண்டையில் பாதியைத் தீர்த்துவைத்தது. பேட்ச் போடும் முன்பும் இதே நடைமுறைதான். எல்லாவற்றையும் ஆஃப் செய், பேட்ச் போடு, ஒவ்வொன்றாக ஆன் செய். டிசிஎஸ் ஆட்கள் ஓவிஜிஎம்இ என்ற மேனேஜரை வைத்துக்கொண்டு அப்டேட்டுக்கு முன் செய்வதும் இதைத்தான். அது ஜிப்பைப் பிரிக்காமலே எடுத்துக்கொள்ளும் என்பது கூடுதல் சௌகரியம்.

இவர்கள் எல்லோரையும் விட மோசமான கோஷ்டி ஒன்று பாக்கி இருக்கிறது. பென் டிரைவ் வள்ளல்கள். "ஃபுல் மோடட் கேம்டா, முப்பது மோட் உள்ள இருக்கு, காப்பி பண்ணிக்கோ" என்று கொடுப்பார்கள். கூடவே "ஆன்டிவைரஸ் கத்தும், ஆஃப் பண்ணிடு" என்று ஒரு இலவச அறிவுரை. அசல் கேமை விலை கொடுத்து வாங்கினால் தள்ளுபடி நாட்களில் மலிவாகவே கிடைக்கும் என்பதை விடுங்கள். அந்த முப்பதை உருவாக்கிய முப்பது பேரின் பெயரும், ரீட்மீ ஃபைலும் வழியில் எங்கோ உதிர்ந்துபோயிருக்கும். ஒன்று கெட்டால் முப்பதும் கெட்டது. வாங்கினவன் இன்னொருவனுக்குக் கொடுப்பான், அவன் மேலே இன்னும் இரண்டு கொட்டிவிட்டு அடுத்தவனுக்குக் கொடுப்பான்.

ஜேஎஸ்ஜிஎம்இ-யில் ஒரு சின்ன வசதி உண்டு. இப்போது என்னென்ன மோட்கள் ஆன் ஆகியிருக்கின்றன என்ற பட்டியலை ஒரே கிளிக்கில் எடுத்துத் தரும். உதவி கேட்கும்போது அந்தப் பட்டியலை ஒட்டினால் போதும், தெரிந்தவர்கள் பார்த்த உடனே எங்கே சிக்கல் என்று சொல்லிவிடுவார்கள். அடுத்த தடவை பென் டிரைவோடு வருகிற அண்ணனிடம் அந்தப் பட்டியலைக் கேட்டுப் பாருங்கள்.

"லிஸ்ட்டா? அதெல்லாம் எதுக்குடா, யெஸ் குடு."