அசெம்பிளி மூட்டையும் கம்பைலர் கண்டக்டரும்

சி புரோகிராமுக்கு நடுவில் நாலு வரி அசெம்பிளி செருகினால் அது பறக்கும் என்று நம்மில் பலருக்கு ஒரு நம்பிக்கை. என் கட்சி வேறு. வேகத்துக்காக அதைத் தொடவே வேண்டாம். சி-யில் சொல்லவே முடியாததைச் சொல்ல மட்டும் தொடுங்கள்.

சென்னை ஐஐடியின் 'சக்தி' பிராசசரை எடுத்துக்கொள்வோம். ரிஸ்க்-ஃபைவ் கட்டளைகளில் ஓடுவது. 2018-ல் சண்டிகர் எஸ்சிஎல் ஆலையில் 180 நானோமீட்டரில் சிப்பாகவே வந்துவிட்டது. ஒரு லூப் எத்தனை கிளாக் சைக்கிள் தின்கிறது என்று பார்க்க ரிஸ்க்-ஃபைவில் 'ஆர்டிசைக்கிள்' என்ற கட்டளை உண்டு. ஸ்டாண்டர்ட் சி-யில் இதற்கு வழியில்லை, ஆக அசெம்பிளி நியாயம்தான். லூப்புக்கு முன்னால் ஒருமுறை, பின்னால் ஒருமுறை படித்துக் கழித்தால் போயிற்று என்று தோன்றும். ஜிசிசி-யில் ஓ2 போட்டுப் பாருங்கள், விடை பூஜ்யம் என்று வந்தாலும் வரும்!

வெள்ளிமலையிலிருந்து கள்ளக்குறிச்சி வரும் பஸ்ஸில் மூட்டை ஏற்றிவிடுகிறோம். கண்டக்டர் அதைப் பிரித்துப் பார்ப்பாரா? மேலே எழுதியிருப்பதை மட்டும்தான் பார்ப்பார். ஜிசிசி-யும் அப்படித்தான். உள்ளே என்ன கட்டளை என்று அதற்குப் புரியாது. உள்ளீடு, வெளியீடு, கெடுக்கப்படும் ரெஜிஸ்டர் என்று நாம் எழுதிக் கொடுப்பதுதான் அதற்கு வேதம். ஒரே மாதிரி இரண்டு மூட்டை, இரண்டிலும் உள்ளீடு இல்லை. அப்படியானால் விடையும் ஒன்றுதானே என்று ஒன்றைத் தூக்கிப் போட்டுவிடுகிறது. அதன்மேல் என்ன தப்பு?

'வோலடைல்' போட்டால் இரண்டும் தங்கும். ஆனால் நடுவில் இருக்கும் கணக்கு வெளியே நகர்ந்துவிடலாம். கணக்குக்குள் போகும் மதிப்பை முதல் அசெம்பிளியோடும், வெளிவரும் விடையை இரண்டாவதோடும் கட்டிப்போட வேண்டும். எத்தனை பேர் செய்கிறோம்?

லினக்ஸ் கெர்னலில் 'பேரியர்' என்று ஒரு மேக்ரோ. உள்ளே ஒரு கட்டளைகூட இல்லாத காலி அசெம்பிளி, மேலே 'மெமரி' என்ற ஒரே குறிப்பு. மெமரியில் படிப்பதையும் எழுதுவதையும் கம்பைலர் அதைத் தாண்டி நகர்த்தாது. காலி மூட்டை, சீட்டுக்குத்தான் மரியாதை :-)

டர்போ சி பழக்கத்தில் இதெல்லாம் கண்ணில் படாது. வேகம்தான் வேண்டுமென்றால், கம்பைலர் எழுதும் அசெம்பிளியை எஸ் ஆப்ஷனில் எடுத்து முதலில் படியுங்கள். இன்டெலுக்கு எழுதிய வரி சக்தியில் கம்பைல்கூட ஆகாது. சி-யில் எழுதிய லூப் ஆகும்.