பிள்ளைகளிடம் மறைப்பது யோக்கியமா?

பள்ளிக்கூடங்களில் பிள்ளைகளுக்குத் தங்கள் உடலைப் பற்றியும், ஆண் பெண் உறுப்புகளைப் பற்றியும், கர்ப்பம் உண்டாகும் விதத்தைப் பற்றியும், சேர்க்கையினால் தொற்றுகின்ற வியாதிகளைப் பற்றியும் பாடம் சொல்லிக் கொடுக்க வேண்டும் என்று எவராவது வாய் திறந்தால் போதும், "ஐயோ, நமது பண்பாடு கெட்டது" என்று கூக்குரலிட ஒரு கூட்டம் நம் நாட்டில் எப்போதும் தயாராய் இருக்கின்றது. இக்கூக்குரலில் கடுகளவாவது நியாயமுண்டா என்பதைச் சற்று விசாரித்துப் பார்ப்போம்.

இந்த நாட்டில் எச்.ஐ.வி. கிருமி முதன்முதலாகக் கண்டுபிடிக்கப்பட்டது 1986-ல், நமது சென்னையில்தான். அதற்குச் சுமார் இருபது வருஷம் கழித்து, 2005-ல், மத்திய சர்க்காரின் கல்வி இலாகாவும் எய்ட்ஸ் தடுப்பு நிறுவனமும் சேர்ந்து, வளரும் பருவத்துப் பிள்ளைகளுக்கென்று ஒரு படிப்புத் திட்டம் கொண்டு வந்தன. நடந்தது என்ன? 2007-ல் மகாராஷ்டிரம், குஜராத், மத்தியப் பிரதேசம், கர்நாடகம் முதலிய மாநிலங்கள் அத்திட்டம் தங்கள் பள்ளிக்கூடங்களுக்கு வேண்டாம் என்று நிறுத்தி விட்டன. 2009-ல் ராஜ்ய சபையின் மனுக்கள் கமிட்டி, இப்படிப்பட்ட படிப்பே கூடாதென்றும், கல்யாணத்திற்கு முன் சேர்க்கை தகாது என்கின்ற உபதேசத்தையே பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டுமென்றும் அபிப்பிராயம் சொல்லிற்று.

இதில் வேடிக்கை என்னவென்றால், இதே மகாராஷ்டிரத்தில்தான் ரகுநாத் தோண்டோ கார்வே என்கின்ற கணித ஆசிரியர் 1921-லேயே பம்பாயில் கர்ப்பத்தடை நிலையம் வைத்தார். 1927 முதல் தாம் இறந்த 1953 வரை உடலறிவைப் பரப்பவே ஒரு பத்திரிகை நடத்தினார். 1934-ல் அவர் மேல் ஆபாச வழக்கு நடந்தபோது அவருக்காகக் கோர்ட்டில் வாதாடியவர் டாக்டர் அம்பேத்கர். அப்படிப்பட்ட ஊரில் 2007-லும் இந்தப் பாடம் ஆபாசம் என்றால், நாம் எவ்வளவு தூரம் முன்னேறியிருக்கின்றோம் என்பதை வாசகர்களே யோசித்துக் கொள்ளட்டும்.

நிற்க, பண்பாடு என்கின்றார்களே, அதைப் பார்ப்போம். ஒரு வீட்டில் பெண் குழந்தை வயதுக்கு வந்தால் நாம் என்ன செய்கின்றோம்? தெருவை அடைத்துப் பந்தல் போட்டு, ஒலிபெருக்கி கட்டி, அக்குழந்தையின் படத்தை ஆளுயரப் பலகையில் அச்சடித்து, தாய்மாமன் சீர் வரிசையோடு மஞ்சள் நீராட்டு நடத்தி, ஊர் முழுவதையும் கூப்பிட்டுச் சாப்பாடு போடுகின்றோம். சமாசாரம் ஊருக்கெல்லாம் தெரியலாம். ஆனால் அந்தக் குழந்தையை உட்கார வைத்து, "உனக்கு ஏன் இரத்தம் வந்தது, இது வியாதியல்ல, தீட்டுமல்ல" என்று சொல்ல மாத்திரம் ஒருவருக்கும் வாய் வருவதில்லை. மூலையில் உட்கார வைக்கவும் தனித் தட்டில் சோறு போடவும் தெரிகின்றது. காரணம் சொல்ல வெட்கமாயிருக்கின்றது. கோயில் கோபுரத்துச் சிற்பங்களைப் பார்த்தும், இந்திரன் அகலிகை கதையைக் கேட்டும் கெடாத பிள்ளைகள், கருப்பை எங்கே இருக்கின்றது என்று தெரிந்து கொண்டால் கெட்டுவிடுவார்களாம். இதற்கு என்ன சமாதானம்?

இரண்டாவதாக, "சொல்லிக் கொடுத்தால் செய்து பார்க்க ஆசை வரும்" என்கின்றார்கள். பள்ளிக்கூடம் சொல்லாவிட்டால் பிள்ளைகள் ஒன்றும் அறியாமலே இருந்து விடுகின்றார்களா? கையிலிருக்கும் செல்போன் அத்தனையையும் காட்டுகின்றது. அதுவும் பொய்யாகவும் கொடூரமாகவும் காட்டுகின்றது. போதாதற்கு ஊருக்கு ஊர் லாட்ஜில் அறை எடுத்து முகாம் போடுகின்ற போலி வைத்தியர்கள் இருக்கின்றார்கள். உறக்கத்தில் விந்து வெளிப்படுவது பருவம் வந்த ஆண்பிள்ளைகளுக்கு இயல்பு. அதையே நரம்புத் தளர்ச்சி என்றும், இத்தனை துளி இரத்தம் போனதற்குச் சமானம் என்றும் பயமுறுத்தி, லேகியத்தின் பேரால் பணம் பறிக்கின்றார்கள். ஒரு மணி நேரப் பாடம் இவர்கள் பிழைப்பில் மண்ணைப் போடுமே! ஸ்வீடன் தேசம் 1955-லேயே இப்படிப்பைக் கட்டாயமாக்கியது. யுனெஸ்கோ ஸ்தாபனம் பல தேசத்து ஆராய்ச்சிகளைச் சேர்த்துப் பார்த்து 2018-ல் வெளியிட்ட வழிகாட்டி நூலில், இப்படிப்பினால் பிள்ளைகள் முன்கூட்டிச் சேர்க்கையில் இறங்குவதில்லை என்றே கண்டிருக்கின்றது.

மூன்றாவதாக, "தாய் தகப்பன் வீட்டில் சொல்லிக் கொள்ளட்டும்" என்கின்றார்கள். இதற்குத்தான் நாம் முக்கியமாய்ப் பதில் சொல்ல வேண்டியிருக்கின்றது. 2007-ல் மத்திய சர்க்காரின் பெண்கள் குழந்தைகள் இலாகா 13 மாநிலங்களில் 12,447 குழந்தைகளை விசாரித்தது. அவர்களில் 100-க்கு 53 பேருக்கு மேல் ஏதோ ஒரு விதத்தில் பாலியல் கொடுமைக்கு ஆளானதாய்ச் சொன்னார்கள். அதைச் செய்தவர்களில் பாதிப்பேர் அக்குழந்தைக்குத் தெரிந்தவர்கள், நம்பிக்கைக்கு உரியவர்கள். அதாவது மாமன், அண்டை வீட்டுக்காரன், பாடம் சொல்லுகின்றவன் போன்றவர்களே. வீட்டிலேயே ஆபத்து இருக்கும்போது, வீட்டிலேயே சொல்லிக் கொள்ளட்டும் என்பது என்ன புத்தி? 2012-ல் குழந்தைகளைக் காக்கச் சட்டம் செய்தாயிற்று. ஆனால் தன் உறுப்பின் பேரைச் சொல்லுவதே பாவம் என்று வளர்க்கப்பட்ட குழந்தை, தனக்கு நடந்ததை எந்த வார்த்தையால் தாயிடம் சொல்லும்? போலீசிடமும் நீதிபதியிடமும் எப்படிச் சொல்லும்? நாம் வெட்கம் என்று சொல்லிக் கொள்ளுவது அயோக்கியனுக்குக் காவலாய் நிற்கின்றது என்பதைத் தவிர வேறென்ன?

இன்னொன்றையும் யோசிக்க வேண்டும். பிறக்கும் குழந்தை ஆணா பெண்ணா என்பதை நிர்ணயிப்பது தகப்பனிடமிருந்து வருகின்ற எக்ஸ் அல்லது ஒய் குரோமோசோம். தாயிடமிருந்து எப்போதும் எக்ஸ்தான் வரும். இந்தச் சிறு விஷயம் தெரியாததால், பெண்ணாகவே பெற்றாள் என்று எத்தனை மருமகள்கள் வசை கேட்டார்கள்! எத்தனை பேருக்கு மேல் இரண்டாந்தாரம் வந்து சேர்ந்தது!

எல்லா வயதுக்கும் எல்லாவற்றையும் சொல்ல வேண்டுமென்று நாம் சொல்லவில்லை. ஐந்து வயதில் உறுப்புகளின் பேரும், தொடக் கூடாத இடத்தில் எவன் தொட்டாலும் "தொடாதே" என்று கத்தி ஓடி வந்து சொல்லுகின்ற தைரியமும் போதும். பத்து வயதை ஒட்டி மாதவிலக்கும் குரல் உடைவதும் ஏன் என்று, அவை வருமுன்னே தெரிய வேண்டும். அதற்கு மேல் கர்ப்பம், கர்ப்பத்தடை, வியாதி, சட்டம், எல்லாவற்றிற்கும் மேலாக மற்றவர் சம்மதமின்றி எவர் உடலையும் தொட உரிமையில்லை என்கின்ற மரியாதை. இவை ஆண்பிள்ளைகளுக்கும் அவசியம்; பெண்களை மாத்திரம் தனியறைக்கு அழைத்துப் போய்ப் பேசிவிட்டு அனுப்புவது அரை வேலைதான்.

2024 செப்டம்பரில் சுப்ரீம் கோர்ட்டே, சென்னை ஹைகோர்ட்டிலிருந்து போன ஒரு வழக்கில், முழுமையான பாலியல் கல்வி தேவை என்று யோசனை கூறியிருக்கின்றது. தீர்ப்பு வந்ததால் மாத்திரம் பாடம் நடந்து விடாது. பத்தாம் வகுப்பு விஞ்ஞானப் புத்தகத்தில் இனப்பெருக்கப் பாடம் இப்போதும் இருக்கின்றது. அநேக இடங்களில் உபாத்தியாயர், "இதை வீட்டில் படித்துக் கொள்ளுங்கள்" என்று பக்கத்தைத் தள்ளி விடுகின்றார்.

ஆகவே தோழர்களே, உங்கள் ஊர்ப் பள்ளிக்கூடத்தில் பெற்றோர் கூட்டம் கூடும்போது எழுந்து, இப்பாடம் நடந்ததா என்று கேளுங்கள். குழந்தைகள் ஆபத்தில் கூப்பிட வேண்டிய 1098 என்கின்ற நம்பரைச் சுவரில் எழுதச் சொல்லுங்கள். அதற்கு முன், பகுத்தறிவு பேசுகின்ற நம் வீடுகளிலேயே இந்தப் பேச்சு நடக்கின்றதா என்று பாருங்கள். மேடையில் சுயமரியாதை பேசிவிட்டு, வீட்டில் மகள் கேட்டால் "போ, அம்மாவைக் கேள்" என்பவர்கள் நம்மிலும் அநேகர் உண்டு. சீர்திருத்தத்தை அங்கிருந்து ஆரம்பிப்பதே முறையாகும்.