ரசீது அனுப்பியே சர்வரைச் சாய்க்கலாம்!

ஆப் முடங்கினால் மூடிவிட்டுத் திறக்கலாம். கெர்னலே முடங்கினால்? ஆண்ட்ராய்டு போன்களுக்கும் ஏராளமான சர்வர்களுக்கும் அடித்தளம் லினக்ஸ் கெர்னல்தான். 'இதை அனுப்பு' என்பதோடு ஆப்பின் வேலை முடிந்தது. தகவலைத் துண்டு போடுவது, தொலைந்ததை மறுபடி அனுப்புவது எல்லாம் கெர்னலுக்குள் இருக்கும் டி.சி.பி-யின் பாடு. 'இவையெல்லாம் வந்தன, நடுவில் ஒன்று வரலை' என எதிர்முனை ரசீது அனுப்பும். அதையே விஷமமாகத் தயாரித்து அனுப்பினால், துண்டுகளை எண்ணும் கணக்கு நிரம்பி வழிந்து, மொத்த சர்வரும் நின்றுவிடும். பாஸ்வேர்டுகூட வேண்டாம்!

2019 ஜூனில் இதை வெளியிட்டது நெட்ஃப்ளிக்ஸ். ஓட்டையோ 2009-ல் வந்த பதிப்பிலிருந்தே இருந்தது. திருத்தம் உடனே வந்துவிட்டது. அதைப் போட முடியாதவர்களுக்குச் சொல்லப்பட்ட கை வைத்தியம்: அந்த ரசீது வசதியையே அணைத்து வையுங்கள்!