மழவர் மகளின் அறுபது ஆண்டுகள்

பத்திரிகையில் வரும் நினைவஞ்சலி விளம்பரங்களில் பாட்டிகளுக்கென்றே சில சொற்களை ஒதுக்கி வைத்திருக்கிறோம். குலவிளக்கு, பாசத்தின் உறைவிடம், தெய்வபக்தி நிறைந்தவர். தொண்ணூறு வயதுவரை வாழ்ந்து, வரவு செலவு பார்த்து, பங்காளிச் சண்டைகளைத் தீர்த்து, மூன்று தலைமுறையைக் கரையேற்றிய பெண்மணிக்கும் இவ்வளவுதான். 'பக்தி மிக்கவர்' என்று சொல்லிவிட்டால் அவரைப் பற்றி வேறு எதுவும் கேட்க வேண்டியதில்லை என்றாகிவிடுகிறது.

சோழர் குடும்பத்தின் பெரிய பாட்டிக்கும் இதுதான் நேர்ந்தது. கல்கியின் 'பொன்னியின் செல்வன்' படித்தவர்களுக்குச் செம்பியன் மாதேவி என்றால் சிவபக்தியில் கரைந்த, மகனை நினைத்து வருந்துகிற ஒரு மூதாட்டிதான் நினைவுக்கு வருவார். கல்வெட்டுகளில் தெரிகிற பெண்மணி வேறு.

திருச்சிக்காரர்கள் அவரைக் கொஞ்சம் கூடுதலாகவே உரிமை கொண்டாடலாம். திருவானைக்காவலில் உச்சிக்காலப் பூசைக்கு அர்ச்சகர் புடவை உடுத்திக்கொண்டு, மேளதாளத்தோடு அகிலாண்டேஸ்வரி சந்நிதியிலிருந்து ஜம்புகேஸ்வரரிடம் போவார். அம்பாளே ஈசனைப் பூசிப்பதாக ஐதிகம். ஒரு பெண் செய்யும் பூசைக்காகத் தினமும் நடுப்பகலில் காத்து நிற்கிற ஊர் அது. அங்கிருந்து காவிரியைத் தாண்டி நகரத்தின் மேற்கே போனால் உய்யக்கொண்டான் திருமலை, தேவாரம் பாடும் திருக்கற்குடி. செம்பியன் மாதேவியின் பெயர் முதன்முதலில் தெரிவது அங்கேதான். முதலாம் பராந்தகனின் 34ஆம் ஆட்சியாண்டு, அதாவது கி.பி. 941. பராந்தகனின் மகன் கண்டராதித்தரின் தேவியாகிய மழவர் மகள், கோயிலுக்கு ஒரு நந்தாவிளக்கு வைக்கிறார். பிறந்த வீடும் தூரமில்லை. காவிரிக்கு வடக்கே பரந்திருந்த மழநாட்டுத் தலைவர் குடும்பத்துப் பெண் அவர்.

விளக்கு வைப்பது என்றால் திரியைக் கொளுத்திவிட்டு வருவதல்ல. அந்தக் காலத்தில் ஒரு நந்தாவிளக்குக்குப் பொதுவாகத் தொண்ணூறோ தொண்ணூற்றாறோ ஆடுகள் விடுவார்கள். மந்தையை ஏற்றுக்கொண்ட இடையர் தினமும் ஓர் உழக்கு நெய் அளக்க வேண்டும். ஆடு சாகும், குட்டி போடும், கணக்கு மட்டும் குறையக் கூடாது. அதனால்தான் அவை 'சாவா மூவாப் பேராடு'. இன்றைய பேச்சில் சொன்னால் முதலைத் தொடாமல் வட்டியில் நடத்தும் கட்டளை.

அங்கே தொடங்கியவர் 1001 வரை கல்வெட்டுகளில் வந்துகொண்டே இருக்கிறார். அறுபது ஆண்டுகள். பராந்தகன், கண்டராதித்தர், அரிஞ்சயன், சுந்தர சோழன், உத்தம சோழன், ராஜராஜன் என்று ஆறு அரசர்களைப் பார்த்தார். கணவர் இறந்தபோது மகன் உத்தமன் சிறு பிள்ளை, அரியணை கொழுந்தன் பக்கம் போயிற்று. பிறகு சுந்தர சோழனின் மூத்த மகன் ஆதித்த கரிகாலன் கொலையுண்டான், உத்தமன் அரசனான். கொலையில் உத்தமனுக்குத் தொடர்புண்டா என்று வரலாற்றாசிரியர்கள் இன்றும் சச்சரவிடுகிறார்கள். ஆனால் கொலையுண்டவனின் தம்பி ராஜராஜன் ஆட்சிக்கு வந்த பிறகும் இந்தப் பெரிய பாட்டியின் திருப்பணி ஒரு நாளும் நிற்கவில்லை. வாரிசுச் சண்டை நடந்த வீட்டில் இரண்டு தரப்பும் தலைவணங்கும்படி ஒருவர் இருந்தார் என்றால், அது வெறும் சாந்த குணத்தால் நடந்திருக்காது.

செங்கல் கோயில்களைக் கற்றளிகளாக மாற்றியதுதான் அவருடைய பெரிய காரியம். குத்தாலம், ஆடுதுறை, ஆரூர் அரநெறி, விருத்தாசலம், திருவக்கரை என்று அந்த வரிசை நீளும். கோனேரிராஜபுரத்தில், அந்நாளைய திருநல்லத்தில், கணவர் பெயரால் கோயில் எடுத்து, கண்டராதித்தர் லிங்கத்தைத் தொழுவதுபோல் சிற்பம் அமைத்து, அது இன்னாருடையது என்று கீழே எழுதியும் வைத்தார். கோயிலைக் கட்டிய சாத்தன் குணபத்தனின் பெயரும் அங்கே கல்லில் இருக்கிறது. கொத்தனார் பெயரை யார் எழுதுவார்கள்? இந்த அம்மாள் எழுதினார்.

நாகப்பட்டினம் பக்கம் தம் பெயரிலேயே ஓர் ஊரை உண்டாக்கினார். அங்கே கைலாசநாதர் கோயிலில் அவர் பிறந்த கேட்டை நட்சத்திரத்தில் வழிபாடும் உணவும் நடக்க மருமகள்கள் நிவந்தம் கொடுத்திருக்கிறார்கள். மாமியார் பிறந்தநாளுக்கு மருமகள்கள் பணம் போட்டதற்கு எழுத்தில் சாட்சி இருப்பது, நம் வீடுகளை அறிந்தவர்களுக்குச் சாதாரணச் செய்தியல்ல. ராஜேந்திரன் காலத்தில், 1019இல், அவர் திருவுருவத்துக்கே அங்கே வழிபாடு ஏற்பட்டது. வாஷிங்டனில் ஃப்ரியர் கலைக்கூடத்தில் 1929 முதல் இருக்கும் செம்புத் திருமேனி அவருடைய சாயலில் செய்தது என்று சில கலை வரலாற்றாசிரியர்கள் கருதுகிறார்கள். மற்றவர்களுக்கு அது உமையம்மைதான். அந்தக் கைலாசநாதர் கோயிலிலிருந்து களவு போனது அது என்று தமிழகச் சிலைக் கடத்தல் தடுப்புப் பிரிவு சொல்கிறது. சிலை திரும்பினால் மகிழ்ச்சி. அவரை வழிபட்டது போதும், அவர் செய்ததைப் பார்க்கலாம் என்பதுதான் என் கட்சி.

ஒரு காரியம் போதும். திருக்கோடிக்காவலில் பழைய கோயிலைப் பிரித்துக் கற்றளி எழுப்பியபோது, அங்கே கிடந்த பழைய கல்வெட்டுகளை அவர் விட்டுவிடவில்லை. படியெடுத்துப் புதிய சுவரில் வெட்டச் செய்தார். யாரோ எப்போதோ கொடுத்த நிலமும் விளக்கும் கணக்கில் நிற்க வேண்டும் என்ற அக்கறை அது. அவருடைய பக்தியில் பதிவேடும் ஒரு பகுதி. பழைய செங்கல் கட்டடங்கள் அவர் கையால்தான் மறைந்தன என்று குறை சொல்லலாம். ஆனால் மறைந்ததன் எழுத்தை அவர் மறைய விடவில்லை.

நம் காலத்துத் திருப்பணிகளில் என்ன நடந்தது? மணலை வீசிச் சுவரைச் 'சுத்தம்' செய்ததில் எழுத்துகள் தேய்ந்தன. கல்வெட்டின் மேல் சுண்ணாம்பும் பெயின்டும் ஏறின. புதிய டைல்ஸுக்குப் பின்னால் அதிட்டானமே காணாமல் போனது. செய்தவர்கள் எல்லோரும் பக்தர்கள்தான். கும்பாபிஷேகத்துக்கு நாள் குறிப்பதற்கு முன் சுவரில் உள்ள ஒவ்வொரு எழுத்தையும் படியெடுத்து, படித்து, ஊர்க்காரர்கள் பார்க்கும்படி வைத்த பிறகே சாரம் கட்ட வேண்டும் என்று அறநிலையத்துறை விதி செய்து, அதை உண்மையாகவே நடத்த வேண்டும். உய்யக்கொண்டான் மலையிலிருந்தே தொடங்கலாம். மலைக்கோட்டையும் ஸ்ரீரங்கமும் திருவானைக்காவலும் பார்த்துவிட்டு ரயிலேறுகிறவர்களுக்கு, சோழநாட்டின் அந்தப் பெரிய பிராட்டி முதல் விளக்கை வைத்தது இந்த ஊரில்தான் என்று சொல்ல மலையடிவாரத்தில் தமிழில் ஒரு பலகை வைத்தால் பெரிய செலவு ஒன்றும் ஆகிவிடாது.